நீ கேட்ட பால் பம்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்பு என்ற அளவில் நானும் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் சின்ன முதலாளியும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டே இருக்கும்போது இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ பேசுவது சாப்பாட்டு இடைவேளையில், பின்னால் உன் பார்சல் கிடங்கின் பெல்ட் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கோர்த்து முடிப்பதற்குள் சரிப்பா, வைக்கிறேன்பா என்று வைத்துவிடுகிறாய். அதுவும் போக, மகளிடம் மார்பு, பால், காம்பு என்றெல்லாம் வாயால் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. பேனாவுக்கு அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைவு. அம்மாவையே எழுதச் சொல்லிப் பார்த்தேன். பம்பைப் பத்தி உங்க மக உங்களைத்தானே கேட்டா, பெரிய இன்ஜினீயர் மாதிரி தலையாட்டினீங்கல்ல, நீங்களே எழுதுங்க என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுச் செய்தி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, லாட்ஜ் சலவைக்கூடத்தில் நின்றபடியே விரிப்பு மடிக்கிற வேலை, உட்கார்ந்து மடித்தால் மேற்பார்வை அம்மாளுக்குக் கண் உறுத்துகிறதாம். மாடி வீட்டுக்காரர் உடம்பு இளைக்க வேண்டும் என்று காலையில் குதிக்க ஆரம்பித்திருக்கிறார், அவர் குதிக்கும்போது நம் கூடத்து மின்விசிறி ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. அம்மா துடைப்பக் கட்டையால் மேலே தட்டுகிறாள், அவர் அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் குதிக்கிறார். சிரிப்பதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது. பிரசவத்துக்கு அம்மா உன்னிடம் வருவதற்குப் போட்டிருந்த விசா விண்ணப்பத்தை இந்த முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வருவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நான் திரும்பி வராம எங்க போவேன், இந்த மனுஷனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, அதை எழுதிக் கொடுத்திருந்தா நம்பியிருப்பாங்க என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். மறுபடி எழுதிப் போடலாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கே நம்பிக்கை இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ மூன்று படங்கள் அனுப்பியிருந்தாய், கரண்டில் ஓடுகிற இரட்டைக் கிண்ணம் ஒன்று, கையால் அழுத்துகிறது ஒன்று, சட்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் உருண்டை ஒன்று. அப்பா, வாழ்நாள் பூரா பம்போடயே குடும்பம் நடத்துறீங்க, இதுல எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும் என்றாய். நீ விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை கண்ணு. உனக்காக என் கையால் ஏதாவது செய்ய முடியும் என்றால் அது இதுதான் என்று தோன்றியது. நம் மோட்டார் பட்டறையில் காயில் கட்டுகிறவரிடம் படத்தைக் காட்டினேன், அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, அண்ணே, இதுக்கு ஒன்றரை ஹெச்.பி. போதுமா இல்ல போர்வெல் மோட்டாரே இறக்கணுமா என்று கேட்டார். நான் முறைத்ததும், கோச்சுக்காதீங்கண்ணே, தாத்தா ஆகப்போறவரை நான் கிண்டல் பண்ணாம வேற யார் பண்றது என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

குழந்தைச் சாமான் கடைக்குப் போனேன். சின்ன மெத்தை, சின்ன வாளி, சின்ன செருப்பு, எல்லாமே சின்னதாக இருக்கிற அந்த இடத்தில் கிரீஸ் கையோடு நான் ஒருவன்தான் பெரிதாக நின்றேன். விற்கிற பெண் என்ன சார் வேணும் என்றாள். பால் எடுக்கிற பம்பு என்றேன். யாருக்கு என்றாள், மகளுக்கு என்றேன், அவங்களைக் கூட்டிட்டு வரலாமே என்றாள், அவள் வர முடியாத தூரத்தில் இருக்கிறாள் என்றேன். பிறகு இது எவ்வளவு இழுவை தாங்கும், உள்ளே இருக்கிற டயாபிரம் சவ்வு ரப்பரா சிலிக்கானா, வால்வு தனியாகக் கிடைக்குமா, தொடர்ந்து ஓடினால் மோட்டார் சூடாகுமா என்று கேட்டுக்கொண்டே போனேன். அந்தப் பெண் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிவந்தாள், நான் ஏதோ சோதனை போட வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, எனக்கு நாற்காலி போட்டார்கள். பதில்தான் யாருக்கும் தெரியவில்லை. இதுதான் சார் நல்லா போகுது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நன்றாகப் போகிறதையே, இரட்டைக் கிண்ணம் வைத்ததையே, வாங்கிவிட்டேன். காயில்காரரின் மச்சான் அடுத்த மாதம் உன் ஊர்ப் பக்கம் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று கணக்குப் போட்டேன்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துச் சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள். பட்டறையில் ஒரு வாளித் தண்ணீரில் கிண்ணத்தைக் கவிழ்த்து ஓட்டிப் பார்த்தேன். இழுக்கிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது, மறுபடி விட்டுவிடுகிறது. என் தொழிலில் இழுவை இப்படி நடுவில் அறுந்தால் ஒரே அர்த்தம்தான், எங்கேயோ காற்று வாங்குகிறது. பிரித்தேன். உள்ளே கடுகளவு துளை ஒன்று, அதன்மேல் சின்ன மூடி, ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த மூடி தூக்கிக்கொண்டு காற்றை உள்ளே விடுகிறது. எந்த மடையன் செய்த வேலை இது, புது மிஷினிலேயே ஓட்டையா என்று அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்துவிட்டேன். பிறகு பார்க்க வேண்டுமே, விடாப்பிடியாக இழுத்தது. காயில்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் தலையாட்டி, அண்ணே, கம்பெனிக்காரன் உங்க கால்ல விழணும் என்றார். என் முன்கையில் கிண்ணத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன், அணைக்கிற வரைக்கும் விடவே இல்லை. எடுத்தபோது கையில் வட்டமாக ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. இழுவை என்றால் இதுதான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, இது என்ன, எந்த நாய் கவ்வினது என்றாள். காரணத்தைச் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த மிஷினைத் தூக்கிட்டு வாங்க என்று பின்தெருவில் இருக்கிற பிரசவ வார்டு நர்ஸம்மா வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

நர்ஸம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என் கையைத்தான் முதலில் பார்த்தார். பம்பு என்று நான் ஆரம்பித்ததுமே, கை மாதிரி முரட்டுத் தோலே இப்படி ஆகியிருக்கே, பச்சை உடம்புக்காரி மார்பு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா என்றார். அந்தத் துளைதான் அந்தக் கருவிக்கே உயிராம். குழந்தை உறிஞ்சும், விடும், மூச்சு வாங்கும், மறுபடி உறிஞ்சும், அந்த விடுகிற நேரத்தில்தான் ரத்தம் திரும்ப ஓடுகிறது, பாலும் இறங்குகிறது. இழுவை கூடினால் பால் கூடாது, புண்தான் வரும், வலியில் உடம்பு பாலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இது கிணறு இல்லைங்க என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். நான் உனக்காக ஆசையாகச் செய்த வேலையால் அந்தக் கருவி குப்பைக்குத்தான் ஆகும், பசையைச் சுரண்டினால் மூடியும் சேர்ந்து வருகிறது, பிரித்துவிட்டதால் கடையிலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். நல்லவேளை, உன் கைக்கு வருவதற்கு முன்னால் தெரிந்தது.

நர்ஸம்மா பொறுமையாக எல்லாம் சொன்னார், நான் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டேன், உனக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கிண்ணத்தின் குழாய்வாய் காம்பைவிட ஒரு துளி மட்டும் அகலமாக இருக்க வேண்டும், இறுக்கினால் புண், தொளதொளத்தால் சுற்றியிருக்கும் தசையெல்லாம் உள்ளே போகும். இப்போதே அளந்து வாங்காதே, குழந்தை பிறந்தபின் அளவு மாறும். பால் மோட்டாருக்குள் போகாதபடி நடுவில் தடுப்பு இருக்கிற வகைதான் வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் பால் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், அதனால்தான் தோழி யாராவது தன் பழையதைக் கொடுத்தால் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. வால்வு என்று ஒரு சின்ன சிலிக்கான் உதடு இருக்கிறது, அது தளர்ந்தால் இழுவை போய்விடும், பலர் பால் வற்றிவிட்டது என்று அழுதுகொண்டிருப்பார்களாம், பார்த்தால் வால்வுதான் தளர்ந்திருக்குமாம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிறது நேரத்தை மிச்சப்படுத்தும். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகமாகிவிட்டது கண்ணு, சரியான ஒன்றை இனிமேல் என்னால் தேர்ந்தெடுக்க முடியும் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார், மிஷினை அப்புறம் பார்ப்போம், பொண்ணு வேலைக்குப் போனா எங்க உக்காந்து எடுப்பா என்று.

நீ அவ்வப்போது சொன்னதையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். பெல்ட் நிற்காது, நீ விலகினால் பக்கத்தில் நிற்பவள் உன் பார்சலையும் சேர்த்துத் தூக்க வேண்டும். பை, போன் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும். கதவு சாத்துகிற இடம் என்றால் கழிப்பறை மட்டும்தான், அதில் பிளக் கிடையாது. உன்னோடு வேலை பார்த்த அந்தப் பெண் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே கதவைத் தட்டித் தட்டி அவள் கை உதறிப் பால் முழுவதும் தரையில் கொட்டியதும், அதைத் துடைத்துவிட்டு வந்து அழக்கூட நேரமில்லாமல் பெல்ட்டில் நின்றதும் நீதானே சொன்னாய். சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜில் இந்த மாதிரி விஷயங்களை வைக்காதீர்கள் என்று தாள் ஒட்டியிருப்பதையும் சொன்னேன். சட்டப்படி இடம் கொடுக்க வேண்டாமா என்று நர்ஸம்மா கேட்டார். கேட்டால் எழுதிக் கொடுங்க, பார்க்கிறோம் என்கிறார்கள், எழுதிக் கொடுத்தவர்களை அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிடுவதில்லை என்றேன். வேலை போனால் அங்கே தங்குகிற அனுமதியும் போய்விடும் என்றும், மாப்பிள்ளை லாரியில் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை என்றும் சொன்னேன். நர்ஸம்மா அம்மாவைப் பார்த்து, முழங்காலுக்கு என்ன தடவுறீங்க என்று கேட்டார். அந்தப் பேச்சு மாற்றத்திலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஆனாலும் விட மனமில்லாமல் ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டேன். கரண்டில் ஓடுவதற்கு பிளக் இல்லை. பேட்டரியில் ஓடுவதற்குச் சத்தம், அந்தக் கழிப்பறையில் நடுவில் இருப்பது வெறும் பலகை என்று நீயே சொல்லியிருக்கிறாய். கையால் அழுத்துவதற்கு நேரம் வேண்டும், உன் இடைவேளையில் லாக்கருக்கு நடந்துபோய் வருவதிலேயே பாதி போய்விடுகிறது. சட்டைக்குள் வைக்கிற உருண்டை குனிந்து நிமிர்ந்து பெட்டி தூக்கினால் நழுவிக் கொட்டிவிடும், அதுவும் வாசலில் சோதனை போடுகிறவர்கள் அதோடு உன்னை உள்ளே விடுவார்களா என்று தெரியாது. அப்படியே எடுத்தாலும் வைக்கக் குளிர்ந்த இடம் இல்லை. அந்த நீளமான ஷிப்ட் முழுவதும் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். முதலில் கல்லாகக் கட்டும், வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும், அதைத் தாண்டிவிட்டால் உடம்பு இனி தேவையில்லை போலிருக்கிறது என்று தானாகவே குறைத்துக்கொள்ளும் என்றார். வீட்டில் இருக்கிற நேரத்தில் விடாமல் குழந்தையை மார்பில் போட்டால் சிலருக்குக் கொஞ்சமாவது நிற்கும், அப்படி நின்ற பெண்களை நானே பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார். உங்க மகளுக்கு நிற்கும்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க என்றார். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று இதையும் எழுதுகிறேன். ஆனால் நாளெல்லாம் பார்சல் தூக்கிவிட்டு வந்து, தனியாக, இரவு முழுவதும் தூங்காமல் பால் கொடுத்துவிட்டுக் காலையில் மறுபடி பெல்ட்டில் நில் என்று மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது பட்டறை ஞாபகம்தான் வந்தது. என்னிடம் வருகிறவர்கள் பலர் பெரிய மோட்டாராகப் போட்டால் தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்து வருவார்கள். சில வீட்டில் தண்ணீர் இருக்கும், மோட்டாரும் நன்றாக இருக்கும், கரண்ட் இணைப்பு மட்டும் கொடுக்க மாட்டார்கள். அந்த வாசல்களில் நின்று நான் என்ன சொல்வேன் தெரியுமா, ஒன்றும் சொல்லாமல் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். உன்னிடம் அப்படி வர முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். நீ எது நல்லது என்று கேட்டாய். உன் வேலைக்கும் உனக்குக் கிடைக்கிற இடத்துக்கும் உன் நேரத்துக்கும் பொருந்துகிற பம்பு அந்த மூன்றில் எதுவும் இல்லை கண்ணு, நான்காவதாக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. விலை கூடியதை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வாங்கிவிடாதே, அது வேலை செய்யாதபோது குறை உன்மேல்தான் என்று நினைப்பாய். கையால் அழுத்துகிற சின்னது ஒன்று போதும். அது குழந்தைக்காக இல்லை, உன் வலிக்காக. கட்டிக்கொண்டு வலிக்கும்போது கழிப்பறையிலேயே கொஞ்சம் எடுத்துக் கீழே ஊற்றிவிடு. ஊற்றும்போது பார்க்காதே. காய்ச்சல் அடித்தால் மட்டும் வேலை கிலை என்று பார்க்காமல் டாக்டரிடம் போ.

குழந்தைக்கு டப்பாப் பால் கொடுப்பதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே. உன் தெருவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மாவிடம் புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுக்கச் சொல், டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்க வேண்டாம் என்று சொல். அதைக் குடித்தும் குழந்தைகள் நன்றாகத்தான் வளர்கின்றன என்று நர்ஸம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். உனக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை இருப்பது எனக்குத் தெரியும், போனில் நீ படங்களைப் பற்றிப் பேசியபோது உன் குரலில் இருந்த அவசரத்திலேயே தெரிந்தது. அந்த ஆசையை நிறைவேற்றித் தர என்னால் முடியவில்லை. வேலைக்குத் திரும்பும் வரையில் இருக்கிற அந்தச் சில வாரங்கள் முழுவதும் உன்னுடையவை. அப்போது சமையல், துணி, வீடு எதையும் பார்க்காதே, மடியில் வைத்துக்கொண்டே இரு. அவ்வளவுதான் கிடைக்கும்போல் இருக்கிறது.

இதை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, முக்கியமானதை விட்டுட்டீங்களே என்றாள். நீ பிறந்து அவள் சலவைக்கூடத்துக்குத் திரும்பிய முதல் வாரம், தெருவில் யாருடைய குழந்தை அழுதாலும் அவளுக்குப் பால் கசிந்துவிடுமாம். வெள்ளைச் சீருடை முன்னால் நனைந்து, விரிப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டே நாளெல்லாம் மடித்தாளாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை என்னிடம் சொன்னதில்லை, இன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

சுகமாகப் பெற்றெடு, நீயும் குழந்தையும் நல்லபடியாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது. மாப்பிள்ளையைத் தூக்கம் வந்தால் வண்டியை ஓரம்கட்டச் சொல். அம்மா உனக்கு ஒன்றை மட்டும் கட்டாயம் ஞாபகப்படுத்தச் சொன்னாள். வேலைக்குத் திரும்புகிற அன்றைக்குப் பழைய பருத்தித் துணியை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டுமாம். சட்டை கறுப்பாக இருக்கட்டுமாம்.

எதையும் தேர்ந்தெடுத்துத் தர முடியாத,
உன் அப்பா